பிரைட்டா, பிரில்லியண்டா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் படிவம் ஐந்து பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரைகளில் அண்ணன், அக்காள், ஆசிரியர் எல்லாரும் ‘பிரில்லியண்ட்’தான். பல இடங்களில் ‘பிரைட்’ போதும், அதுவே பொருத்தமும்கூட.

இரண்டும் வெளிச்சத்தையும் குறிக்கும், அறிவையும் குறிக்கும். பிரைட் பழைய ஆங்கிலச் சொல். சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும் கெட்டிக்காரப் பிள்ளைக்கு அது சரி. பெரும்பாலும் வயதில் சிறியவர்களுக்குச் சொல்வது. பெயர்பெற்ற பேராசிரியரைப் பிரைட் என்றால் தட்டிக்கொடுப்பதுபோல் ஆகிவிடும்.

பிரில்லியண்ட் 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து வந்தது. வைரத்தில் 57 அல்லது 58 முகம் வைத்துப் பட்டை தீட்டும் முறைக்கும் இதுவே பெயர். கண் கூசும் ஒளி அது. கணிதமேதை ராமானுஜனுக்கு இந்தச் சொல் தகும்; பரீட்சையில் நன்றாகச் செய்த எல்லாருக்கும் தகாது. நம் பிள்ளைகள் இதையே நாடுவதற்கு மலாய் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். படிவம் ஐந்து முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் சான்றிதழில் ஏ பிளஸுக்கு ‘செமர்லாங் தெர்திங்கி’ (மிக உயர்ந்த சிறப்பு) என்று போடுகிறார்கள். செமர்லாங் என்றாலும் ஒளிர்வதுதான்.

பேச்சு வழக்கு வேறு. பிரிட்டனில் டீ கொண்டுவந்து வைத்தாலே ‘பிரில்லியண்ட்!’ என்பார்கள், ‘ரொம்ப நல்லது’ என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அமெரிக்கர்கள் அப்படி அவ்வளவாகச் சொல்வதில்லை.

அப்புறம், ‘வெரி பிரைட்’ என்று தயங்காமல் எழுதலாம். ‘வெரி பிரில்லியண்ட்’ காதில் இடறும். அங்கே ‘அப்சலூட்லி’தான் பொருந்தும்.