பொதுத் தோட்டமா, தனிப் பாத்தியா?

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு மண்ணில் கை வைக்க ஆசைப்படுகிறவருக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, புளோக்குக்குக் கீழே அக்கம்பக்கத்தார் சேர்ந்து வளர்க்கும் சமூகத் தோட்டம். 2005இல் தேசியப் பூங்காக் கழகம் 'கம்யூனிட்டி இன் புளூம்' என்று ஆரம்பித்துவைத்தது; இன்று தீவு முழுக்க ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. இன்னொன்று, ஹார்ட்பார்க், பொங்கோல் பார்க் மாதிரி பூங்காக்களில் அதே பூங்காக் கழகம் வாடகைக்கு விடும் தனிப் பாத்தி. இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், மூன்று வருடக் குத்தகை, வருடத்துக்குச் சுமார் 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வீட்டுக்கு ஒன்றுதான். கேட்பவர்கள் கூடினால் குலுக்கல்.

மாதம் ஐந்து வெள்ளி என்பது லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஒருவேளைச் சாப்பாட்டுக் காசு. அதனால் பணத்தை விட்டுவிடுவோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பறிக்கும்போதுதான் தெரியும்.

பொதுத் தோட்டத்து வேலியில் ஒரு சங்குப்பூக் கொடியை ஏற்றிவிட்டுப் பாருங்கள். நம் வீட்டு அம்மாவுக்கு அந்தப் பூ சாமிக்கு. மூன்றாவது மாடி மலாய் அக்காவுக்குச் சோற்றில் நீலம் ஏற்ற. பக்கத்துப் புளோக் பெரானக்கான் பாட்டிக்குப் பலகாரத்துக்கு. விடிந்ததும் முதலில் இறங்கியவர் கையோடு பூ போய்விடும். வாய்ச்சண்டை வராது, முகம்தான் சுண்டும். கொஞ்ச நாளில், கேட் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று எழுதி ஒரு அட்டை தொங்கும். கீரையிலும் இதே கதைதான். ஒரு பாத்திக் கீரையைப் பத்து வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு ஒரு பிடி, பருப்பில் போட்டால் கண்ணுக்கே தெரியாது.

கீரை ஆசைக்குத் தனிப் பாத்திதான் சரி. சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். பாத்தியை மூன்றாகப் பிரித்துப் பத்து நாள் இடைவெளியில் விதைத்தால் சமையலறைக்குத் தடையில்லாமல் வந்துகொண்டிருக்கும். இங்கே ஆடிப்பட்டம், தைப்பட்டம் எதுவும் கிடையாது, வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே வெயில், ஒரே மழை. விதைத்த அன்று சாயங்காலம் ஒரு பேய்மழை கொட்டினால் விதையெல்லாம் ஒரு மூலையில் போய் ஒதுங்கிவிடும் என்பதால், முளைக்கும்வரை மேலே வலை கட்டவேண்டும்.

ஆனால் நம் சமையலுக்குக் கறிவேப்பிலை வேண்டும், முருங்கை வேண்டும். இரண்டரை மீட்டர் பாத்தியில் மரம் வளர்ப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். மூன்று வருடத்தில் குத்தகை முடிந்தால் அதைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? அது பொதுத் தோட்டத்துச் சமாச்சாரம். ஒரு கறிவேப்பிலை மரம் நின்றால் புளோக்குக்கே போதும், யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள். பறவை எச்சம் மாதிரி இலைமேல் உட்கார்ந்திருக்கும் குட்டிப் புழுவை மட்டும் கவனிக்கவேண்டும். பட்டாம்பூச்சியின் புழு அது. வளர்ந்து பச்சையானதும் கொழுந்தை மொட்டையடித்துவிடும். கண்ணில் பட்டவர் கையால் எடுத்துப் போட்டால் போதும், மருந்து வேண்டாம். பத்துப் பேர் கடந்துபோகும் தோட்டத்தில் யாராவது ஒருவர் கண்ணில் படாமல் போகாது.

அப்புறம் ஊருக்குப் போகும் விஷயம். பள்ளி விடுமுறைக்கு மூன்று வாரம் போய்வந்தால் தனிப் பாத்தியில் களைதான் வரவேற்கும். மழையே பெய்யாத வாரங்கள் என்றால் அதுவும் இருக்காது. பொதுத் தோட்டத்தில் "அங்கிள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறலாம்.

அந்த அங்கிளேதான் பொதுத் தோட்டத்தின் பலவீனமும். பல இடங்களில் ஓய்வுபெற்ற ஒருவர் தலையில்தான் மொத்தத் தோட்டமும் ஓடுகிறது. அவர் வீடு மாறினாலோ முழங்கால் வலி வந்தாலோ ஆறு மாதத்தில் புதர் மண்டிவிடும். சேரும் முன் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். ஒருவரிடம்தான் என்றால் நான் யோசிப்பேன்.

தாழ்வாரத்துத் தொட்டிகளை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. நடைவழிக்கு 1.2 மீட்டர் விடவேண்டும், தட்டில் தண்ணீர் தேங்கினால் கொசு, அபராதம். புதினாவுக்கு அது போதும்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் என் ஓட்டு பொதுத் தோட்டத்துக்கே. மின்தூக்கியில் இறங்கினால் தோட்டம், பேசவும் ஆள் உண்டு. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் தனிப் பாத்தி, அதுவும் வேலை முடிந்து வரும் வழியில் இருந்தால் மட்டும். இரண்டு பஸ் மாறிப் போய்த் தண்ணீர் ஊற்றுவது இரண்டாவது மாதத்தைத் தாண்டாது.