வத்தையா, பைபரா: ஒன்றரை லட்சத்துக்குள் ஒரு பழைய படகு

போன மாசியில் என் கையில் ஒன்றரை லட்சம் இருந்தது. பாதி சீட்டுப் பணம், பாதி வீட்டுக்காரியின் நகையை அடகு வைத்தது. தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரை ஒரு மாதம் கரை கரையாக அலைந்து பதினொரு படகு பார்த்தேன். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று 26 அடி மர வத்தை, உள்ளே பொருத்திய டீசல் இன்ஜினோடு 1,30,000. இன்னொன்று 24 அடி பைபர், அதாவது கண்ணாடியிழைப் படகு. வெறும் படகு 80,000. அதற்கு வெளியே மாட்டும் பழைய இன்ஜின் வேறோர் ஆளிடம் 60,000.

நான் பைபரை வாங்கினேன். ஆகவே இதைப் படிக்கும்போது என் சாய்வைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

வத்தையில் பிறந்து வளர்ந்தவன் நான். அதன் அருமை தெரியாமல் பேசவில்லை. நண்டு வலை இழுக்கும்போது மூன்று பேரும் ஒரே பக்கம் சாய்ந்து நின்றாலும் வத்தை அலுங்காது. பைபர் அப்படியில்லை, எடை குறைவு, ஆட்டம் அதிகம். வாடைக்காற்று எழும்பினால் அணியம், அதாவது முன்பக்கம், தூக்கித் தூக்கி அடிக்கும், முதுகெலும்பு வலிக்கும். முதல் வாரம் என் தம்பி, "அண்ணே, இது படகா, தொட்டிலா?" என்றான். வேகத்தில் பைபர் மேல், அதை விளக்க வேண்டியதில்லை.

விசைப்படகில் பங்கு போடலாமே என்று சிலர் சொன்னார்கள். என் தொகைக்கு அது நடக்காது. தெர்மாகோல் மிதவையில் போய்ப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அதில் வலை ஏற்றி மூன்று பேர் போக முடியாது. அப்புறம் மரத்துக்கு மேல் பைபர் போர்த்திய படகு என்று ஒரு வகை விற்கிறது. பார்க்கப் புதுசு போல மின்னும். உள்ளே பலகை எந்த நிலையில் இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. போர்வைக்கும் மரத்துக்கும் நடுவே ஒருமுறை தண்ணீர் இறங்கினால் மரம் மூச்சுவிட வழியில்லாமல் ஊறியே கெடும். இரண்டு பார்த்தேன், இரண்டையும் விட்டுவிட்டேன்.

சரி, என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. செலவைவிட, அந்த வேலை வருகிற மாதம்தான் எனக்குக் கணக்கு.

எங்கள் பாக் நீரிணைக் கரை சமதளம். கரையிலிருந்து வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீர்தான். வத்தையைத் தினமும் இழுத்து ஏற்ற முடியாது, நங்கூரத்தில் மிதந்தபடியே கிடக்கும். அப்படிக் கிடக்கிற மரத்தைப் புழு தேடி வரும். அது குஞ்சாக இருக்கும்போதே ஊசித்துளை போட்டு உள்ளே போய்விடும், அங்கேயே பருத்து விரல் நுழையும் அளவுக்குக் குடைந்துகொண்டு போகும். வெளியே பார்த்தால் பலகை நன்றாகத்தான் இருக்கும். நான் பேரம் பேசிய வத்தையில் ஏராவை (அடிநடுக்கட்டையை) ஒட்டிய இரண்டாவது பலகையில் பேனாக்கத்தியின் முனையை வைத்து அழுத்தினேன். கருவாட்டில் இறங்குவது போலப் பாதி இறங்கிவிட்டது. விற்கிறவர் முகத்தைப் பார்த்தேன், அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புழு ஏறாமல் இருக்க வருடம் ஒருமுறையாவது வத்தையைக் கரையேற்ற வேண்டும். அடியில் ஒட்டியிருக்கும் கொட்டலசுச் சிப்பிகளைச் சுரண்டி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, இடுக்குகளில் பஞ்சுத்திரி திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பூசித் தண்ணீர் புகாமல் அடைக்க வேண்டும், இதைத்தான் கலப்பத்து அடிப்பது என்போம். இதற்குச் சுள்ளென்ற வெயில் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றடித்துச் சும்மா கிடக்கும் நாட்களில் செய்யலாம் என்றால் மழை, மரம் காயாது. காயாத மரத்தில் அடித்த கலப்பத்து மூன்றே மாதத்தில் கழன்றுவிடும். ஆக, வேலை செய்யத் தோதான காலம் பங்குனி, சித்திரை, வைகாசி.

அதுதான் எங்களுக்குச் சம்பாதிக்கிற காலமும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும், வத்தை, பைபர் போன்ற நாட்டுப்படகுக்குத் தடையில்லை. கடலில் இழுவலை இல்லை, போட்ட வலை அறுபடாமல் திரும்பி வரும். மீன் வரத்துக் குறைவதால் நண்டுக்கும் கணவாய்க்கும் விலை ஏறும். அந்த நேரத்தில் பார்த்து என் படகு மட்டும் கரையில் கவிழ்ந்து கிடந்து, படகுத் தச்சரான ஓடாவிக்காகக் காத்திருந்தால்? அப்பாவின் வத்தைக்குக் கடைசியாக வேலை பார்த்தபோது ஓடாவி கூலி, பலகை, ஆணி, எண்ணெய் என்று 38,000 ஆனது. பணம் போனதுகூடப் பெரிதில்லை. ஓடாவி வேறு ஊர் வேலையை முடித்துவிட்டு வருவதற்குள் 27 நாள் ஓடிவிட்டது. அவருக்கு எழுபது வயது. மகன் சவுதியில் ஏசி மெக்கானிக்.

பைபருக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. அடிபட்ட இடத்தைத் தேய்த்து, ஒருநாள் காயவிட்டு, மேட் என்கிற கண்ணாடியிழை விரிப்பை வெட்டி வைத்து ரெசின் பிசினைப் பூசினால் அடுத்த நாள் கடலுக்குப் போகலாம். மழை வந்தால் மேலே ஒரு தார்ப்பாய் போதும். எங்கள் தெருவிலேயே நாலு பையன்களுக்கு இந்த வேலை தெரியும், பார்த்துப் பார்த்து நானும் கற்றுக்கொண்டேன். ரெசின் இறுகுவதற்காக அதில் கலக்கும் மருந்தின் அளவு கூடிவிட்டால் டப்பாவிலேயே புகைந்து கல்லாகிவிடும், அவ்வளவுதான் ஜாக்கிரதை.

இதற்காகப் பைபர் கெடவே கெடாது என்று நினைக்க வேண்டாம். நான் ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். வாங்கும்போது அடிப்பாகம் முழுக்க ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டித் தட்டிப் பார்த்தேன். நல்ல இடம் 'டக்' என்று கெட்டியாகக் கேட்கும், உள்ளே பிரிந்த இடம் பொத்தென்று கேட்கும். எல்லாம் சரியாக இருந்தது. இன்ஜின் மாட்டும் பின்பலகையைத் தட்டவில்லை. அதில் பைபருக்கு நடுவே ஒட்டுப்பலகை (பிளைவுட்) வைத்திருப்பார்கள். போல்ட் ஓட்டை வழியாக உப்புத்தண்ணீர் இறங்கினால் அது உள்ளுக்குள்ளேயே மக்கும். இரண்டாவது மாதம் இன்ஜின் ஆட்டம் கண்டது. போல்ட்டைக் கழற்றினேன், ஓட்டையிலிருந்து காப்பி நிறத்தில் தண்ணீர் வடிந்தது. விற்றவர் அந்த இடத்தில் மட்டும் இரண்டு பூச்சுப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார் என்பது அப்புறம்தான் உறைத்தது. 9,000 செலவு, நாலு நாள் தொழில் போனது.

ஆகவே பழைய பைபர் பார்க்கப் போனால் முதலில் பின்பக்கம் போங்கள். இன்ஜின் மாட்டியிருந்தால் அதன் காலைப் பிடித்து மேலும் கீழும் உலுக்குங்கள். பின்பலகையும் சேர்ந்து அசைந்தால் வந்த வழியே திரும்பிவிடலாம். சந்தேகம் என்றால் உட்பக்கமாக ஒரு சிறு துளை போட்டுப் பார்க்கக் கேளுங்கள். தூள் உலர்ந்து வந்தால் நல்லது, கறுத்து ஈரமாக வந்தால் மக்கியது. துளையை அங்கேயே ரெசின் வைத்து அடைத்துவிடலாம். விற்கிறவர் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதிலேயே பதில் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரை முழுக்கப் பைபர் படகுகளை அள்ளிக் கொடுத்தார்கள், அதில் மெலிசாக அடித்த படகுகளும் உண்டு. வயதை மட்டும் கேட்காமல் ஓரத்தைக் கையால் பிடித்துக் கனம் பாருங்கள்.

இன்ஜினைப் பற்றி இரண்டே வார்த்தை. ஓட்டிக் காட்டும் முன் அதைத் தொட்டுப் பாருங்கள், ஏற்கெனவே சூடாக இருந்தால் உங்களுக்காகக் கிளப்பி வைத்திருக்கிறார்கள். கியர் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. நம் பக்கம் தாழை என்கிற கடல்புல் காற்றாடியில் சுற்றினால் வெளி இன்ஜினைத் தூக்கிக் கையால் எடுத்துவிடலாம், வத்தையில் அடியில் இருக்கும் காற்றாடிக்கு ஒருவர் தண்ணீரில் குதிக்க வேண்டும்.

மறுபடி விற்கும்போது எது போகும் என்பதில் எனக்குச் சொந்த அனுபவம் இல்லை, இன்னும் விற்கவில்லை. பார்த்த அளவில், பைபரை வண்டியில் ஏற்றி வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோக ஆள் வருகிறது. வத்தையை உள்ளூர்க்காரர்தான் வாங்குகிறார். அதேபோல் மன்னார் வளைகுடாப் பக்கம் நான் தொழில் செய்ததில்லை. கீழக்கரைக்கும் வாலிநோக்கத்துக்கும் நடுவே இருக்கும் என் மச்சான், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் அங்கே அலை வேறு மாதிரி, 24 அடி பைபர் பத்தாது என்கிறார். அந்தக் கரைக்காரர்கள் அவரைப் போன்றவர்களைக் கேட்டுக்கொள்வது நல்லது.

எதை வாங்கினாலும் பதிவுச் சான்று யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். மீனவர் சங்கத்தில் பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள். மீன்வளத்துறையில் பெயர் மாறாமல் மானிய எண்ணெய்க்குப் போய் நிற்க முடியாது, கடலில் சோதனைக்கு நிறுத்தினாலும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். நான் விலையில் பத்தாயிரத்தைப் பிடித்து வைத்திருந்தேன். பெயர் மாறிய காகிதம் கைக்கு வந்த அன்று சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பின்பலகை அப்போது ஆடத் தொடங்கவில்லை.