பெண் ஆய்வாளர்களுக்கான விருதுகளும் ஃபெலோஷிப்புகளும்: எது யாருக்குப் பொருந்தும்?

விருது முடிந்த வேலைக்குக் கிடைப்பது. ஃபெலோஷிப் இனிமேல் செய்யப்போகும் வேலைக்குக் கிடைப்பது. இணையத்தில் சுற்றும் பட்டியல்கள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகின்றன. ஒரே சுயவிவரத்தை இரண்டுக்கும் அனுப்பி இரண்டையும் கோட்டைவிடுவது அதனால்தான். விருதுக் குழு வெளியான கட்டுரைகளைப் பார்க்கும். ஃபெலோஷிப் குழு கட்டுரை குறைவாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் யாரிடம், எந்த ஆய்வகத்தில், எத்தனை மாதம், எவ்வளவு செலவில் என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் இல்லையென்றால் மேற்கொண்டு படிக்காது.

பிஎச்டிக்கு: இரண்டு பெரிய வாசல்கள்

வளரும் நாட்டுப் பெண் ஒருவர் வெளிநாட்டில் பிஎச்டி செய்ய நினைத்தால் முதலில் கண்ணில் படுபவை இரண்டு. ஒன்று, எண்ணெய்த் துறை நிறுவனமான ஷ்லும்பெர்ஷேயின் அறக்கட்டளை 2004இல் தொடங்கிய ‘ஃபேகல்டி ஃபார் தி ஃப்யூச்சர்’. மற்றொன்று, 1987இல் உருவாகி இத்தாலியின் த்ரியெஸ்தே நகரிலிருந்து இயங்கும் ஓ.டபிள்யூ.எஸ்.டி. என்ற வளரும் நாட்டுப் பெண் அறிவியலாளர்கள் அமைப்பின் பிஎச்டி ஃபெலோஷிப்.

மேலோட்டமாகப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். விதிகளைப் படித்தால் எதிரெதிர்த் திசைகள். ஷ்லும்பெர்ஷே உலகின் முன்னணிப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புகிறது, ஓ.டபிள்யூ.எஸ்.டி. ஒரு வளரும் நாட்டிலிருந்து இன்னொரு வளரும் நாட்டுக்குத்தான் அனுப்பும். முன்னதற்கு வளரும் நாடு எதிலிருந்தும் விண்ணப்பிக்கலாம். பின்னதற்கு அறிவியல் தொழில்நுட்பத்தில் பின்தங்கியவை என்று அந்த அமைப்பு வகுத்த பட்டியலில் சொந்த நாடு இருக்க வேண்டும். பட்டியலைப் பார்க்காமல் ஆய்வுத் திட்டம் எழுத உட்கார்ந்தால் ஒரு மாத உழைப்பு வீண்.

பணத்தில் ஷ்லும்பெர்ஷேயின் கை பெரிது. உண்மைச் செலவைக் கணக்கிட்டு ஆண்டுக்கு 50,000 டாலர் வரை தருகிறது. முன்னேற்றத்தைப் பார்த்துப் புதுப்பிக்கிறது. 50,000 என்பது உச்சவரம்பு, எல்லாருக்கும் கிடைக்கும் தொகை என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. பல்கலைக்கழகம் கட்டண விலக்கு தந்திருக்கும்போது முழுக் கட்டணத்தையும் செலவுக் கணக்கில் எழுதினால் நம்பகத்தன்மை போய்விடும். ஓ.டபிள்யூ.எஸ்.டி. மாத உதவி, விமானச் செலவு, விசா, மருத்துவக் காப்பீட்டில் ஒரு பங்கு என்று இனம் பிரித்துக் கொடுக்கும். படிப்புக் கட்டணம் அது ஏற்பு நிறுவனத்தோடு, அதாவது உங்களைச் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகத்தோடு, பேசி முடிக்கும் விஷயம்.

பலரும் வழுக்கி விழும் இடம் வேறு. ஏற்கெனவே வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்துக்கொண்டிருப்பவரும் ஷ்லும்பெர்ஷேக்கு விண்ணப்பிக்கலாம். ஓ.டபிள்யூ.எஸ்.டி.யிலோ, ஏற்பு நாட்டில் போய் இறங்கிவிட்டவர்களைப் பொதுவாகத் தகுதியுள்ளவர்களாக எடுத்துக்கொள்வதில்லை. ‘முதலில் போய்ச் சேர்ந்துவிடுவோம், பணத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்வோம்’ என்று கிளம்புகிறவர் அந்தக் கதவைத் தானே சாத்திவிட்டுப் போகிறார்.

ஓ.டபிள்யூ.எஸ்.டி.யின் பலம் அதன் ‘சாண்ட்விச்’ முறை. பிஎச்டி பதிவு சொந்த நாட்டில் இருக்கும். ஆய்வின் ஒரு பகுதி மட்டும் வெளியே. குறைந்தது ஒரு பயணம், அதிகபட்சம் மூன்று. முதல் பயணம் ஆறு மாதத்துக்குக் குறையக் கூடாது. எல்லாம் சேர்த்து 20 மாதத்தைத் தாண்டக் கூடாது. 8, 6, 6 என்று பிரித்தால் சரியாகப் பொருந்தும். 8, 8, 6 என்று எழுதினால் 22 ஆகிவிடும். கூட்டல் பிழையால் நல்ல திட்டம் ஒதுக்கப்படுவது எரிச்சலான விஷயம். வேலையும் குடும்பமும் ஊரில் இருப்பவர்களுக்கு முழுநேர ஃபெலோஷிப்பைவிட இதுவே ஏற்றது. முழுநேரம் என்றால் நான்கு ஆண்டு வரை வெளியே இருக்க வேண்டிவரும்.

ஏற்புக் கடிதத்துக்கும் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். பேராசிரியரின் மின்னஞ்சலிலிருந்து வரும் ‘வாருங்கள், மகிழ்ச்சி’ என்ற இரண்டு வரி போதாது. நிறுவனத்தின் லெட்டர்ஹெட், தேதி, கையெழுத்து மூன்றும் வேண்டும். கடிதத்துக்குள் விண்ணப்பதாரரின் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே, ஆய்வுத் தலைப்பு, நெறியாளர் பெயர், தொடங்கும் மாதம், எந்தெந்தக் கருவிகளைப் பயன்படுத்த இடம் தருவார்கள் என்பது. தலைப்பு கடிதத்தில் ஒன்றும் திட்டத்தில் வேறொன்றுமாக இருந்தால், மதிப்பீட்டாளர் அதைத் தயக்கத்தின் அடையாளமாகவே படிப்பார். வரைவை நாமே எழுதி அனுப்பி, திருத்திக் கையெழுத்திடச் சொன்னால் பேராசிரியர்கள் தப்பாக நினைப்பதில்லை. பெரும்பாலும் நிம்மதிதான் அவர்களுக்கு.

விண்வெளித் துறையில் இருப்பவர்கள் மூன்றாவது வாசல் ஒன்றையும் பார்க்கலாம். ஸோண்டா என்ற சர்வதேசப் பெண்கள் அமைப்பு 1938 முதல் நடத்தும் அமீலியா இயர்ஹார்ட் ஃபெலோஷிப், விண்பொறியியலிலும் விண்வெளி அறிவியலிலும் பிஎச்டி செய்யும் பெண்களுக்கு 10,000 டாலர் தருகிறது. எந்த நாட்டுக்காரர் என்ற தடை இல்லை. முழுப் படிப்புச் செலவுக்குக் காணாது, ஆனால் துறை குறுகியது என்பதால் போட்டியும் குறுகியது.

பிஎச்டிக்குப் பிறகு

இங்கே ஓ.டபிள்யூ.எஸ்.டி.யின் தொடக்கநிலை ஆய்வாளர் ஃபெலோஷிப்பைத்தான் முதலிடத்தில் வைப்பேன். இரண்டு ஆண்டுக்கு 50,000 டாலர் வரை. சொந்த நாட்டிலேயே இருந்து ஆய்வுக் குழுவைக் கட்டி எழுப்புவதற்கு. நாட்டுப் பட்டியல் நிபந்தனை இதற்கும் உண்டு. கருவி வாங்குவதாக எழுதுகிறவர்கள் இறக்குமதித் தீர்வையையும் பராமரிப்பையும் மறந்துவிடுகிறார்கள். இயந்திரம் துறைமுகத்தில் நான்கு மாதம் கிடந்தால் இரண்டு ஆண்டுத் திட்டத்தில் ஆறில் ஒரு பங்கு போயிற்று.

ஆய்விதழ் பதிப்பகமான எல்செவியரின் அறக்கட்டளையோடு சேர்ந்து அதே அமைப்பு 2013 முதல் வழங்கும் விருது தொகையில் சிறியது. துறை ஆண்டுதோறும் மாறும் என்பதால் உங்கள் துறையின் ஆண்டு எது என்று பார்த்துக் குறித்துவைத்தால் போதும்.

குழந்தை உள்ளவர்களுக்கான ஓர் உதவி பட்டியல்களில் அதிகம் தென்படுவதில்லை. 1995இல் மருத்துவ நோபல் பெற்ற கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட் 2004இல் தொடங்கிய அறக்கட்டளை, ஜெர்மனியில் ஆய்வு செய்யும் இளம் தாய்மார்களுக்குக் குழந்தை பார்ப்பவர், வீட்டுவேலைக்கு ஆள் ஆகியவற்றுக்கு மாதாமாதம் பணம் தருகிறது. ஆய்வுக்கு நேரமில்லாமல் போவதற்கான காரணத்தை நேரடியாகப் பிடித்த திட்டம் இது. பெரிய பெயர் கொண்ட பல விருதுகளைவிட இதில்தான் யோசனை அதிகம்.

விருதுகள்: நீங்களே கேட்க முடியாதவை

1998இல் தொடங்கிய லோரியால்-யுனெஸ்கோ சர்வதேச விருதுதான் இந்த வகையில் பெயர் பெற்றது. ஆண்டுக்கு ஐந்து பேர், உலகின் ஐந்து பகுதிகளுக்கு ஒருவர் வீதம், ஒவ்வொருவருக்கும் 1,00,000 யூரோ. இரட்டைப்படை ஆண்டுகளில் உயிரியல், சுற்றுச்சூழல் துறைகள்; ஒற்றைப்படை ஆண்டுகளில் இயற்பியல், வேதியியல், கணிதம், கணினி அறிவியல். தேர்வின் தரத்துக்குச் சான்று வேண்டுமா? எலிசபெத் பிளாக்பர்னும் அடா யோனத்தும் 2008இல் இதைப் பெற்று 2009இல் நோபல் வாங்கினார்கள். எமானுவேல் ஷார்பாண்டியேயும் ஜெனிஃபர் டௌட்னாவும் 2016இல் பெற்றார்கள், 2020இல் நோபல். கேடலின் கரிக்கோவுக்கு 2022, அடுத்த ஆண்டே நோபல்.

இதற்கு நீங்கள் விண்ணப்பிக்க முடியாது, இன்னொருவர் முன்மொழிய வேண்டும். தொடக்கநிலையில் உள்ளவர்கள் இதை மறந்துவிட்டு, அதே திட்டத்தின் தேசிய அளவிலான இளம் ஆய்வாளர் பிரிவைத் தேடுவது நல்லது. நாட்டுக்கு நாடு விதி வேறு.

லண்டன் ராயல் சொசைட்டியின் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் விருது இன்னொரு தினுசு. 40,000 பவுண்டு மானியமும் 1,000 பவுண்டு பரிசும். அறிவியலில் பெண்களை முன்னிறுத்தும் திட்டம் ஒன்றையும் சேர்த்து முன்வைக்க வேண்டும். ‘பள்ளி மாணவிகளுக்கு உரை நிகழ்த்துவோம்’ என்ற பொதுவான வாக்கியம் இங்கே எடுபடாது. எத்தனை பள்ளி, எந்த வகுப்பு, முடிவில் என்ன அளக்கப்படும் என்று எழுத வேண்டும்.

பெண்களுக்கென்று தனி விருது வேண்டுமா என்ற சண்டை பழையது. அமெரிக்க வானியல் கழகத்தின் ஆனி ஜம்ப் கேனன் விருதை 1934இல் முதலில் பெற்றவர் சிசிலியா பெய்ன். அதையே வானியலாளர் மார்கரெட் பர்பிட்ஜ் 1971இல் வேண்டாம் என்று திருப்பிவிட்டார், பெண்களுக்கு மட்டும் என்பதற்காகவே. என் கணக்கில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் வாடகை கொடுக்க வேண்டிய ஆய்வு மாணவிக்கு இந்த விவாதம் பிறகு வைத்துக்கொள்ளத்தக்கது.

பரிந்துரைக் கடிதம்

விருதோ ஃபெலோஷிப்போ, விண்ணப்பத்தை ஆளுவது இது. 2016இல் வெளியான ஓர் ஆய்வு 54 நாடுகளிலிருந்து வந்த 1,224 கடிதங்களைப் பிரித்துப் பார்த்தது. புவி அறிவியல் துறையில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணிக்கான கடிதங்கள் அவை. பெண்களுக்கு ‘மிகச் சிறப்பு’ ரகக் கடிதங்கள் ஆண்களைவிடக் குறைவாகவே எழுதப்பட்டிருந்தன. ‘கடின உழைப்பாளி, பணிவானவர், எல்லாரோடும் ஒத்துப்போவார்’ என்ற கடிதம் உதவாது. ‘இந்த ஆய்வகத்தில் இதுவரை எவருக்கும் கைவராத படிகத்தை இவர் தனியாக வளர்த்தெடுத்தார்’ என்பது உதவும். பரிந்துரைப்பவருக்குக் கோரிக்கையோடு அரைப் பக்கக் குறிப்பும் அனுப்புங்கள்: என்ன செய்தீர்கள், அதில் உங்கள் பங்கு எது, எந்தக் கட்டுரையில் வந்தது. கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பாவது அது அவர் கையில் இருக்க வேண்டும்.

பிஎச்டி தேதி

‘பிஎச்டி முடித்து இத்தனை ஆண்டுக்குள்’ என்ற வரி பெரும்பாலான திட்டங்களில் வரும். வாய்மொழித் தேர்வு நாளா, பட்டச் சான்றில் அச்சான நாளா என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆண்டுகூட ஓடிவிடலாம். மகப்பேறு இடைவெளியைக் கழித்துக்கொள்ளவும் பல இடங்களில் வழி உண்டு. பெண்களுக்கு மட்டுமல்லாத ஐரோப்பிய ஆய்வுக் கவுன்சில் நிதியில்கூட ஒரு குழந்தைக்கு 18 மாதம் தாய்க்குச் சேர்த்துத் தருகிறார்கள். கேட்டால்தான் கிடைக்கும். குழந்தையின் பிறப்புச் சான்றும், வாய்மொழித் தேர்வு நாளைக் குறிப்பிட்டுப் பதிவாளர் தரும் கடிதமும் ஸ்கேன் செய்து ஒரே கோப்பில் தயாராக இருக்கட்டும். அந்தக் கடிதத்துக்குப் பல்கலைக்கழகங்கள் வாரக்கணக்கில் இழுத்தடிக்கும்.