ஹீமோபீலியா உள்ளவர்கள் கல்லீரலைப் பார்க்க: பயாப்ஸியா, ஃபைப்ரோஸ்கேனா?

இந்தியாவில் ரத்த வங்கிகளில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸுக்கான பரிசோதனை கட்டாயமானது 2001 வாக்கில்தான். அதற்கு முன், ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபீலியாவுக்காக, தானம் வந்த ரத்தத்திலிருந்து பிரித்த கிரையோவும் பிளாஸ்மாவும் ஏற்றி வளர்ந்தவர்களில் பலருக்கு அந்த வைரஸும் சேர்ந்தே வந்தது, எனக்கும் வந்தது. சோஃபோஸ்புவிர், டாக்லடாஸ்விர் மாத்திரைகள் 12 வாரம் சாப்பிட்டதில் வைரஸ் போய்விட்டது. ஆனால் அது அத்தனை வருஷம் உள்ளே இருந்து கல்லீரலை எவ்வளவு தழும்பாக்கியிருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். ஊசி குத்திக் கல்லீரலில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்ப்பது பயாப்ஸி, வெளியிலிருந்தே அதன் விறைப்பை அளப்பது ஃபைப்ரோஸ்கேன். நான் ஃபைப்ரோஸ்கேனைத் தேர்ந்தெடுத்தேன், கேட்பவர்களிடமும் அதையே சொல்கிறேன்.

பயாப்ஸியில் வலி, படுக்கை, ரத்தக்கசிவு பயம் எல்லாம் உண்டு என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் முடிவைத் தீர்மானித்தது ஃபாக்டர் கணக்கு, அதாவது ரத்தத்தை உறைய வைக்கும், நம்மிடம் குறைவாக இருக்கும் புரதத்தின் கணக்கு.

கிலோவுக்கு ஒரு யூனிட் ஃபாக்டர் 8 போட்டால் ரத்தத்தில் அதன் அளவு சுமார் 2 சதவீதம் ஏறும். 60 கிலோ எடையுள்ள, ஃபாக்டர் அறவே இல்லாத ஒருவரை ஊசி குத்தும் முன் 80 முதல் 100 சதவீதத்துக்குக் கொண்டுபோக 2400 முதல் 3000 யூனிட் வேண்டும். ஏறக்குறைய 12 மணி நேரத்தில் அது பாதியாகிவிடும் என்பதால் அடுத்த சில நாட்களுக்கும் தொடர்ந்து போட வேண்டும். ஃபாக்டர் 9 குறைவாக இருக்கும் ஹீமோபீலியா பி என்றால் யூனிட்டுக்கு 1 சதவீதம்தான் ஏறும், ஆகவே முதல் டோஸே இரண்டு மடங்கு. இவ்வளவும் ஒரே ஒரு பயாப்ஸிக்கு! தழும்பு கூடுகிறதா குறைகிறதா என்று தெரிய வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டுமே, அதற்கு எங்கே போவது? தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் ஃபாக்டர் இலவசம்தான், சரி, ஆனால் இருப்பு குறைந்த நேரத்தில் முட்டிக்குள் ரத்தம் கசிந்து வீங்கி வந்து நிற்கிறவருக்கும் அதே குப்பிதானே வேண்டும். இன்னொன்று, குறைபாடு லேசாக உள்ள மைல்டு வகைக்காரர்களுக்கு இப்படி ஒரேயடியாக நிறைய ஃபாக்டர் போடும்போது இன்ஹிபிட்டர் (போட்ட ஃபாக்டரையே வேலை செய்யவிடாத எதிர்ப்புப் பொருள்) உருவாகும் ஆபத்தும் இருக்கிறது.

ஃபைப்ரோஸ்கேனுக்கு ஃபாக்டரே வேண்டாம். மூன்று மணி நேரம் சாப்பிடாமல் போய் வலது கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுத்தால், விலா இடுக்கில் தட்டித் தட்டிப் பத்து அளவாவது எடுத்து கிலோபாஸ்கலில் ஒரு எண் தருவார்கள். ஹெபடைடிஸ் சி-யில் 12.5-க்கு மேல் என்றால் சிரோசிஸ் (கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய நிலை) என்று சந்தேகிப்பார்கள். பயாப்ஸியில் வரும் துணுக்கு கல்லீரலில் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான், ஸ்கேன் அதைவிடப் பெரிய பகுதியைப் பார்க்கிறது.

அதற்கும் குறைகள் உண்டு. உடல் பருமன், வயிற்றில் நீர் இருந்தால் அளவு சரியாக வராது. வைரஸின் அழற்சி இருக்கும்போது எண் கூடுதலாகக் காட்டும். முக்கியமாக, கல்லீரல் ஏன் கெட்டது என்று அது சொல்லாது, காரணம் புரியாமல் ரத்தத்தில் கல்லீரல் என்சைம் ஏறிக்கொண்டே போனால் பயாப்ஸி தேவைப்படலாம். அப்படியானால் கழுத்து ரத்தக்குழாய் வழியாக எடுப்பதைப் பற்றிக் கேளுங்கள், ரத்தம் வெளியே கசியும் வாய்ப்பு அதில் குறைவு. நான் செய்துகொண்டதில்லை, அதனால் அனுபவமாக எதுவும் சொல்ல முடியாது. ஃபாக்டர் 8-இன் வேலையைச் செய்யும் எமிசிசுமாப் ஊசி எடுப்பவர்களுக்கும் இன்ஹிபிட்டர் இருப்பவர்களுக்கும் மேலே சொன்ன கணக்கு பொருந்தாது, உங்கள் ஹீமட்டாலஜிஸ்டிடம் (ரத்த நோய் மருத்துவரிடம்) பேசிவிடுங்கள்.

சிகிச்சைக்கு முன்பே சிரோசிஸ் இருந்தவர்கள் பிறகு எண் இறங்கிவிட்டதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அழற்சி தணிந்தாலே எண் இறங்கும், கல்லீரல் புற்றுநோய் அபாயம் அதோடு போய்விடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டை விடாமல் எடுங்கள்.