வன்தட்டு பழுது என்று சொன்னால் உடனே பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கணினி திருத்தக் கொடுக்கும் வன்னிப் பக்கத்தவர்கள், குறிப்பாக ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் என்ற இரண்டு இயங்குதளங்களையும் வைத்திருப்பவர்கள், இதை வாசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஒரு கடையில் பழுதே இல்லாத வன்தட்டைக் கழற்றிவிட்டு எங்களுக்குப் புதியதொன்றை விற்றார்கள். அதற்கு முன்னர் எங்கள் கோப்புகள் பாழானதும் அதே கடையின் கைவேலையால்தான்.

மல்லாவியில் எங்கள் வீட்டு மடிக்கணினி எனக்கும் மகனுக்கும் பொதுவானது. வவுனிக்குளத்தின் கீழுள்ள எங்கள் கமக்காரர் அமைப்பின் கணக்குகளும், சிறுபோகத்தில் யார் எத்தனை ஏக்கர் விதைக்கிறார் என்ற பட்டியலும் விண்டோஸில் என் பொறுப்பில் இருந்தன. அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் மகனுக்கு லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு தேவைப்பட்டது. ஏ9 வீதியோரக் கடையொன்று இரண்டையும் நிறுவி, இரண்டிலிருந்தும் திறக்கக்கூடிய ‘டி’ என்ற பொதுப் பகுதியையும் பிரித்துத் தந்தது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணினிகளில் லினக்ஸையும் சேர்த்துப் போட நினைப்பவர்கள் இனியும் இருப்பார்கள். அவர்களை எண்ணியே இதை விரிவாக எழுதுகிறேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபின் உபுண்டுவிலிருந்து டி பகுதியை வாசிக்க முடிந்ததே தவிர, அதில் எதையும் சேமிக்க முடியவில்லை. விண்டோஸ் உறக்கநிலையில் இருப்பதாக ஒரு செய்தி வந்தது. மறுபடி கடைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் கறுப்புத் திரையில் சில வரிகளை அடித்துவிட்டு, “இனி எழுதும் ஐயா, கொண்டு போங்கோ” என்றார். அவர் செய்தது, எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் அந்தப் பகுதியை ஒவ்வொரு முறையும் கட்டாயமாக ஏற்றும்படி, அதாவது எழுதக்கூடியவாறு திறக்கும்படி, உபுண்டுவுக்குக் கட்டளையிட்டது மட்டுமே. அந்தச் செய்தி ஏன் வருகிறது என்று அவர் பார்க்கவேயில்லை.

அதன்பின் மகன் உபுண்டுவில் சேமித்தவை விண்டோஸில் காணாமற்போயின. விதைப்புப் பட்டியலின் பெயர் இருந்தது, திறந்தால் கோப்பு பழுதென்று வந்தது. ஒருநாள் கணினி தானாகவே வட்டைப் பரிசோதித்து முடித்தபோது, மறைந்திருந்த ஒரு கோப்புறைக்குள் பெயரற்ற துண்டுகள் இலக்கமிட்டுக் கிடந்தன. கடையில் காட்டினால், “வட்டு செத்துப்போச்சு, புதுசு போட்டால்தான் சரிவரும்” என்றார்கள். புதிய வன்தட்டு, மென்பொருள் நிறுவல், தரவு மீட்பு என்று மூன்று வரிகளில் பற்றுச்சீட்டு எழுதினார்கள். புதிய வட்டை வீட்டில் இயக்கிப் பார்த்தால், உபுண்டுவில் அதே உறக்கநிலைச் செய்தி வந்து நின்றது.

மகனின் சீனியர் மாணவர் ஒருவர் அந்தச் செய்தியைப் பார்த்தவுடனேயே காரணத்தைச் சொல்லிவிட்டார். 2012இல் வந்த விண்டோஸ் 8இலிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்றொரு வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ‘ஷட் டவுன்’ கொடுத்தால் விண்டோஸ் முழுமையாக மூடப்படுவதில்லை. பயனரை வெளியேற்றிவிட்டு, தன் கருப்பகுதியின் (கேர்னல் எனப்படும் மையப் பகுதியின்) நினைவக நிலையை வட்டில் ஒரு கோப்பாக எழுதிவைத்து, அடுத்த முறை அதிலிருந்தே எழுகிறது. வட்டின் பகுதிகளில் எது எங்கே இருக்கிறது என்ற விபரமும் அந்த நினைவோடு சேர்ந்தே உறங்குகிறது. இடையில் லினக்ஸ் அங்கே எழுதினால், விழித்தெழும் விண்டோஸுக்கு அது தெரியாது. பழைய நினைவை வைத்துக்கொண்டு தானும் எழுதும். கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டு உறங்கிய செயலாளர், இடையில் பொருளாளர் எழுதிய பக்கத்தின் மேலேயே மறுநாள் எழுதுவதைப் போன்றது இது. லினக்ஸ் எழுத மறுத்தது இந்த அழிவைத் தடுப்பதற்காகத்தான்; அந்த மறுப்பைத்தான் கடைக்காரர் உடைத்திருக்கிறார்.

இரட்டை இயங்குதளம் போடுபவர் செய்திருக்க வேண்டிய வேலை மிகச் சிறியது. விண்டோஸின் கொன்ட்ரோல் பனலில் பவர் ஒப்ஷன்ஸுக்குள் சென்று, பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று தெரிவுசெய்யும் இடத்தைத் திறந்து, பூட்டியிருக்கும் அமைப்புகளை மாற்ற அனுமதி கொடுத்தபின், ‘டேர்ன் ஒன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்பதன் எதிரேயுள்ள சரி அடையாளத்தை எடுத்துச் சேமிக்க வேண்டும். அதன் பிறகு ஒருமுறை முழுமையாக மூட வேண்டும். ‘ரீஸ்டார்ட்’ கொடுக்கும்போது இந்த அரைத்தூக்கம் நிகழ்வதில்லை. கடையில் ரீஸ்டார்ட் செய்து காட்டும்போது எல்லாம் சரியாக இருந்து, வீட்டில் மூடித் திறக்கும்போது குழப்பம் வருவதற்கு இதுவே காரணம். பெரிய விண்டோஸ் புதுப்பிப்புகளுக்குப் பிறகு அந்த அடையாளம் மீண்டும் வந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பயோஸில் (விண்டோஸுக்கு முன்னரே இயங்கும் கணினியின் அடிப்படை அமைப்பில்) உள்ள ‘ஃபாஸ்ட் பூட்’ வேறு விடயம், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பழைய வட்டை நாங்கள் வற்புறுத்தித்தான் திரும்பப் பெற வேண்டியிருந்தது. அங்கத்தவர்களின் அடையாள அட்டை இலக்கங்களும் வங்கிக் கணக்கு இலக்கங்களும் அதற்குள் இருந்தன. கழற்றிய வட்டை ஒருபோதும் கடையில் விட்டுவராதீர்கள். உபுண்டுவிலேயே இருக்கும் ‘டிஸ்க்ஸ்’ செயலியில் வட்டு தன்னைத் தானே பரிசோதிக்கும் வசதி உண்டு. அதில் நீண்ட பரிசோதனையை ஓடவிட்டோம். பழுதான இடங்களைக் காட்டும் வரிகளில் பூச்சியம்தான் இருந்தது. வட்டு செத்துவிட்டது என்று எவர் சொன்னாலும், இந்தத் திரையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

அந்தத் திரையின் படத்தைக் காட்டியபின் வன்தட்டின் விலையைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள். தரவு மீட்புக் கூலியைத் தர மறுக்கிறார்கள். மீட்ட கோப்பு ஒன்றுகூட எங்கள் கைக்கு வரவில்லை என்பதையும், கட்டாயமாக ஏற்றும்படி கடைக்காரர் எழுதிய வரி பழைய வட்டின் உபுண்டுவில் அப்படியே இருப்பதையும் குறிப்பிட்டு, பற்றுச்சீட்டின் பிரதியுடன் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு அனுப்பியிருக்கிறோம். தொலைபேசியில் முறையிட விரும்புபவர்களுக்கு அச்சபையின் இலக்கம் 1977. பற்றுச்சீட்டில் ஒவ்வொரு வேலையும் தனி வரியாக எழுதப்பட்டிருந்ததால்தான் எங்களால் இந்த அளவுக்காவது பேச முடிந்தது.