மிலான்–சான் ரெமோவா, லொம்பார்தியாவா?

இத்தாலியின் ஒருநாள் சைக்கிள் பந்தயங்களில் ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருக்கிறது என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது?

வயதில் மூத்தது லொம்பார்தியா. 1905-ல் நடந்த முதல் பந்தயத்தை ஜொவான்னி ஜெர்பி 40 நிமிடங்களுக்கும் மேலான இடைவெளியில் வென்றார். மிலான்–சான் ரெமோ 1907-ல் வந்தது. முன்னது இலையுதிர்காலத்தில், பின்னது மார்ச்சில்.

சான் ரெமோவின் தூரம் 300 கி.மீ.க்குப் பக்கம். முதல் சில மணிநேரம் பெரிதாக ஒன்றும் நடக்காது, உண்மைதான். ஆனால் அதன் வரலாறே பாதையின் கடைசிப் பகுதியைக் கடினமாக்கிய கதை. முடிவுக்கோட்டருகே பாயும் வேகப் புலிகளே வென்றுவிடாதபடி 1960-ல் போஜ்ஜியோ ஏற்றத்தைச் சேர்த்தார்கள். 1982-ல் சிப்ரெஸ்ஸா என்ற இன்னொரு ஏற்றம் வந்தது. போஜ்ஜியோ 4 கி.மீ. கூட இல்லை, சரிவும் மிதமானதுதான். அப்புறம் வளைந்து வளைந்து இறங்கும் பாதை. பந்தயம் பலமுறை அங்கேதான் முடிவாகிறது. பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் சான் ரெமோவை 7 முறை வென்றார்.

லொம்பார்தியாவில் அப்படிக் காத்திருக்க வேண்டாம். கோமோ ஏரியைச் சுற்றிய மலைகளே ஆட்களைக் கழித்துவிடும். அவற்றில் ஒன்றான கிஸால்லோவின் உச்சியிலுள்ள தேவாலயத்து மாதாவை 1949-ல் போப் சைக்கிள் ஓட்டிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். இத்தாலிய வீரர் ஃபாஸ்டோ கோப்பியின் 5 வெற்றிகளை 2025-ல் ஸ்லோவேனிய வீரர் போகாச்சர் எட்டினார், அதுவும் தொடர்ச்சியாக.

வலிமையானவர் யார் என்று தெரிய லொம்பார்தியா போதும். என் தேர்வு சான் ரெமோ: கடைசி பத்து நிமிடம் வரை யார் வெல்வார் என்று சொல்லவே முடியாது.