ஆயில் லீக் என்று போனால் கியர் பாக்ஸை இறக்குகிறார்கள்: லாரிக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழைய லாரி வைத்திருப்பவர்கள், குறிப்பாக கம்மின்ஸ் 5.9 லிட்டர் என்ஜின் போட்ட டாடா 1613 வைத்திருப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். பின்பக்கம் ஆயில் சொட்டுகிறது என்று பட்டறையில் போய் நின்றால், குனிந்துகூடப் பார்க்காமல் "பேக் சீல் போயிருச்சு" என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். கிராங்க் தண்டின் பின்முனையில் ஆயில் வெளியே வராமல் பிடிக்கும் வளையம்தான் பேக் சீல். கியர் பாக்ஸை இறக்காமல் அதைத் தொட முடியாது. அப்படி ஒரு பட்டறையில் 34,500 ரூபாய் கொடுத்து வண்டியை எடுத்தேன். ஒரே வாரத்தில் அதே இடத்தில் அதே சொட்டு.

வண்டி 2008 மாடல். ஆத்தூர், சேலம் பக்கம் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு வடக்கே போகும். நிறுத்தும் இடத்தில், என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும் ஃப்ளைவீல் ஹவுசிங்குக்கு நேர் கீழே கறுப்பாகத் திட்டு விழுகிறது என்று முதலில் சொன்னது டிரைவர் அண்ணன்தான். டிப்ஸ்டிக்கிலும் அளவு இறங்கிக்கொண்டிருந்தது. எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி (தகுதிச் சான்று), அதுவும் நெருங்கிவிட்டது. வழக்கமாகப் பார்க்கும் மேஸ்திரி ஊரில் இல்லாததால் பைபாஸில் இருக்கும் ஒரு பெரிய பட்டறையில் விட்டோம். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. எங்கள் லாரி சங்கத்தில் சொல்லியிருக்கிறேன், அங்கே பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

பட்டறைக்காரர் வண்டிக்கு அடியில் டார்ச்சை ஒரு தடவை அடித்தார். அவ்வளவுதான். "அண்ணா, கிராங்க் பேக் சீல் போயிருச்சுங்ணா. கியர் பாக்ஸ எறக்கித்தான் ஆகணும். எறக்குனா கிளட்ச்சும் ஆயில்ல ஊறியிருக்கும், செட்டாவே மாத்திருங்க" என்றார். இறக்குவதற்கு முன்பே கிளட்ச் ஊறியிருப்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ!

அதோடு விடவில்லை. சூடான என்ஜினை ரேஸ் கொடுக்கச் சொல்லி, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து காட்டினார். புகை வந்தது. "பாருங்க, பேக் கம்ப்ரஷன் அடிக்குது. ரிங்கு போச்சு. ஹாஃப் என்ஜின் செஞ்சுட்டா மூணு வருஷத்துக்குக் கவலையில்ல" என்று 85,000 சொன்னார். அதாவது பிஸ்டன் ரிங் தேய்ந்து எரிந்த வாயு கீழே இறங்குகிறதாம், என்ஜினைப் பாதி பிரித்து ரிங் மாற்ற வேண்டுமாம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. லட்சக்கணக்கில் கிலோமீட்டர் ஓடிய டீசல் என்ஜினில் மூடியைத் திறந்தால் கொஞ்சம் ஆவி வரத்தான் செய்யும். அதை வைத்து ரிங் போச்சு என்று சொல்லிவிட முடியாது. ஐடிலிங்கில் மூடியைக் கவிழ்த்து வாய் மேலே சும்மா வைத்துப் பாருங்கள். அது தூக்கியெறியப்பட்டால் யோசிக்கலாம். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது, என்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிரீத்தர் குழாயை. அது சேறும் ஆயிலும் சேர்ந்து அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நன்றாக இருக்கும் சீல், பேக்கிங் வழியாகக்கூட ஆயிலை வெளியே தள்ளும். என் வண்டியில் குழாயின் வாய் பாதி அடைத்துத்தான் இருந்தது. பட்டறையில் யாரும் அதைத் தொடக்கூட இல்லை.

பில் என்று கொடுத்தது துண்டுச் சீட்டுதான். கிளட்ச் செட் 21,000, ரிலீஸ் பேரிங் 2,400, சீல் 1,900, கூலி 7,000, "பேக்கிங், சிலிக்கான், இதர" 2,200. வண்டியைக் கொடுக்கும்போது என்ஜினை வாட்டர் சர்வீஸ் செய்து பளபளவென்று கொடுத்தார்கள். அதுவும் ஒரு வித்தைதான். கழுவின என்ஜினில் லீக் மறுபடி கண்ணுக்குத் தெரிய நாலு நாளாவது ஆகும், அதற்குள் வண்டி நாக்பூர் தாண்டியிருக்கும்.

திரும்பி வந்ததும் சங்ககிரியில் ஒரு பழைய மேஸ்திரியிடம் காட்டினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "பழைய கிளட்ச் பிளேட் எங்கீங்க?" நல்லவேளை, டிரைவர் அண்ணன் கழிவுக் குவியலிலிருந்து அதை எடுத்து கேபினில் போட்டு வைத்திருந்தார். மேஸ்திரி விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிளேட் காய்ந்து கிடந்தது. ரிவெட்டுக்கு மேல் இன்னும் நல்ல கனம் பாக்கி இருந்தது. பேக் சீலில் வண்டி நனையும் அளவுக்கு ஒழுகியிருந்தால் ஆயில் முதலில் ஹவுசிங்குக்கு உள்ளேதான் இறங்கும். ஃப்ளைவீல் அதைச் சுற்றி அடிக்கும், பிளேட் நனையும், லோடில் கிளட்ச் வழுக்கும். தொப்பூர் ஏற்றத்தில்கூட எங்களுக்கு ஒரு தடவையும் வழுக்கவில்லை. இறக்கும்போது ஹவுசிங்கின் உட்பக்கம் வெறும் கிளட்ச் தூசியாகத்தான் இருந்தது என்று பக்கத்தில் நின்ற டிரைவர் அண்ணனும் சொன்னார். அப்படியானால் ஆயில் வெளியே மேலிருந்து வழிந்து வருகிறது என்று அர்த்தம்.

அதை அவர் கண்டுபிடித்த விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. என்ஜினை டீசல் விட்டுத் துடைத்தார். கம்பிரசர் காற்றில் காய வைத்தார். பக்கவாட்டிலும் பின்பக்கமும் முகப்பவுடரைத் தூவினார். ஐடிலிங்கில் சூடேற விட்டு, அப்புறம் பைபாஸில் ஒரு சுற்று. வந்ததும் டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துக் கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டே போனார். ஆயில் கீழே இறங்கும், ஓட்டத்தில் காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் சொட்டும் இடத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. நனைந்த இடங்களிலேயே உச்சியில் இருப்பது எது என்று பார்க்க வேண்டும். எங்கள் வண்டியில் அது டீசல் பம்ப்புக்குப் பின்னால், பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் டேப்பட் கவரின் பின் மூலை. மேலே இருக்கும் வால்வு கவரைச் சொல்லவில்லை. இது புஷ் ராடு பக்கத்தை மூடுகிற நீளமான தகடு. பவுடர் நடுவே அங்கிருந்து ஒரு கறுப்புக் கோடு கிளம்பி, பிளாக்கின் விளிம்பு வழியாகப் பின்னால் போய், ஃப்ளைவீல் ஹவுசிங்கின் மேல் வழிந்து, அடியில் சொட்டியது. அடியிலிருந்து பார்ப்பவனுக்கு அச்சு அசலாக பேக் சீல் லீக் மாதிரியே தெரியும்.

இந்த என்ஜின் குடும்பத்துக்கே இது பழக்கமான வியாதி. அமெரிக்காவில் டாட்ஜ் பிக்கப்பில் வந்த 5.9 கம்மின்ஸிலும் இதே டேப்பட் கவரின் பேக்கிங் ஒழுகி, பேக் சீல் என்று ஏமாந்தவர்கள் நிறைய. பம்ப் மறைத்துக்கொண்டிருப்பதால் கை நுழையாது, டீசல் குழாய்களைக் கழற்ற வேண்டும், சள்ளை பிடித்த வேலை. ஆனால் கியர் பாக்ஸ் பக்கமே போக வேண்டியதில்லை. பேக்கிங், பிரீத்தர் சுத்தம், கூலி எல்லாம் சேர்த்து 3,800 ரூபாயில் முடிந்தது.

முதல் பட்டறை செய்த இன்னொரு காரியமும் அப்போதுதான் தெரிந்தது. என்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பின் இணைப்பைச் சுற்றி வெளியே சிலிக்கானை அப்பியிருந்தார்கள். வெளியே அப்புவதால் லீக் நிற்காது, வந்த வழியை மறைக்கத்தான் உதவும். சம்ப்பைக் கழற்றி மாட்டும்போது கணக்கில்லாமல் தடவினால் அது இன்னும் மோசம். உள்ளே பிதுங்கிய துண்டு பிய்ந்து, ஆயில் பம்ப்பின் சல்லடையில் போய் உட்கார்ந்தால் என்ஜினே போய்விடும்.

அதைவிட வயிற்றெரிச்சல் அந்த சீல். எங்கள் 5.9 சேர்ந்த கம்மின்ஸ் பி சீரிஸ் என்ஜின்களின் பேக் சீலை உலர்ந்த நிலையில்தான் ஏற்ற வேண்டும். கிராங்க்கிலும் சீலின் உதட்டிலும் ஆயில், கிரீஸ் எதுவும் இருக்கக் கூடாது என்று கம்பெனி முறையே சொல்கிறது. உதடு மடியாமல் இருக்க சீலோடு ஒரு பிளாஸ்டிக் வளையம் வரும், அதை வைத்துத்தான் உள்ளே தள்ள வேண்டும். மற்ற வண்டிகளில் சீலுக்கு ஆயில் தடவும் பழக்கத்தில் இவர்கள் கிரீஸ் தடவி, சுத்தியலால் சுற்றித் தட்டி ஏற்றியிருக்கிறார்கள். இதுவும் டிரைவர் அண்ணன் கண்ணால் பார்த்தது. ஒழுகாத சீலைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மாட்டிய புது சீல் இப்போது நிஜமாகவே கசிய ஆரம்பித்திருக்கிறது. ஹவுசிங்கின் அடி ஓட்டையில் லேசான ஈரம். மேலே டேப்பட் கவர் பக்கம் பவுடர் போட்ட மாதிரியே காய்ந்து இருக்கிறது.

போனில் கேட்டதற்கு, "பழைய என்ஜின்னா அப்படித்தானுங்ணா, அடுத்த வேலைக்கு வாங்க, கூலியில கழிச்சுக்கலாம்" என்றார். அடுத்த வேலைக்கு அங்கே யார் போவது? சரி, நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யலாம் என்று பார்த்தால், அவர்களும் முதலில் கேட்பது பில்லைத்தான். ஜிஎஸ்டி பில் கேட்டபோது "அதுக்கு 18 பர்சென்ட் தனியா ஆகும்" என்று பட்டறைக்காரர் சொன்னதன் காரணம் இப்போது புரிகிறது. கூகுள் பே ரசீதும் துண்டுச் சீட்டும் டிரைவர் அண்ணன் எடுத்த போட்டோக்களும்தான் என் கையில் இருக்கின்றன. மூன்றையும் சங்கத்தில் கொடுத்திருக்கிறேன். பணம் திரும்ப வந்தாலும் வராவிட்டாலும், கியர் பாக்ஸை இன்னொரு தடவை இறக்கத்தான் வேண்டும். இந்தத் தடவை சங்ககிரியில்.